ஊர் திரும்புமுன் கைத்துப்பாக்கியைச் சட்டப்படி விற்பது எப்படி: அமெரிக்காவில் இருக்கும் நம்மவருக்கு

கடந்த வருடம் ஆடி மாதத்தில் ஒரு நாள் இரவு, டெக்சாஸில் இருக்கும் என் சித்தப்பாவின் மகன் வட்ஸ்அப்பில் அழைத்தான். 22 வருடங்களுக்குப் பிறகு கொக்குவிலுக்கே திரும்பி வருவதென்று முடிவெடுத்து, வீட்டுச் சாமான்களைக் கப்பலில் அனுப்புவதற்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். "அண்ணை, அலுமாரிக்குள்ளை ஒரு சாமான் கிடக்கு. அதையும் உடுப்புக்கு நடுவிலை வைச்சு அனுப்பலாமோ?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான். என்ன சாமான் என்று நான் கேட்கவில்லை. நானும் அதே மாநிலத்தில் 14 வருடங்கள் இருந்துவிட்டு 2019 இல் ஊருக்கு வந்தவன். என்னிடமும் அப்படியொன்று இருந்தது. அதை ஒழுங்காக விற்ற பிறகுதான் விமானம் ஏறினேன். அன்றிரவு அவனுக்குச் சொன்னதை, இதே கேள்வியோடு இருக்கக்கூடிய மற்றவர்களுக்காகவும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கப்பல் பெட்டி விடயத்தை முடித்துவிடுவோம். அனுப்பவே கூடாது. அமெரிக்காவிலிருந்து கைத்துப்பாக்கியை வெளியே அனுப்புவதற்கு அந்நாட்டு வணிகத் திணைக்களத்தின் ஏற்றுமதி அனுமதி வேண்டும்; இலங்கைக்குள் கொண்டுவருவதற்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். அனுமதி உள்ளவரும் அதை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். 2024 இன் கடைசியில், தற்பாதுகாப்புக்கென்று ஏற்கெனவே அனுமதியுடன் வழங்கப்பட்ட துப்பாக்கிகளைக்கூட மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி அமைச்சு கேட்டிருந்தது. சட்டம் ஒருபுறமிருக்க, துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே யன்னலைச் சாத்துகிற ஒரு தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. பழைய பயணப்பையின் ஓரத்தில் மறந்து கிடக்கும் ஒற்றை ரவையே பலாலியிலோ கட்டுநாயக்காவிலோ உங்களை நாள்கணக்கில் உட்கார வைக்கப் போதும். ஆகவே துப்பாக்கி சுடும் இடத்துக்குக் கொண்டுபோன பைகளை ஊருக்குக் கொண்டுவராதீர்கள். கொண்டுவரத்தான் வேண்டுமென்றால், உள்துணியைத் தடவிப் பார்த்துக் கவிழ்த்துத் தட்டிய பிறகு கொண்டுவாருங்கள்.

இனி விற்பனைக்கு வருவோம். 2005 இல் நான் வெளிக்கிடும்போது என் மோட்டார் சைக்கிளைச் சுன்னாகத்தைச் சேர்ந்த ஒருவருக்கு "ஓப்பின் பேப்பரில்" கொடுத்துவிட்டுப் போனேன். படிவத்தில் என் கையெழுத்து இருந்தது; வாங்குபவரின் பெயர் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ஐந்து வருடங்களுக்குப் பிறகு, யாரோ அந்த மோட்டார் சைக்கிளால் ஒரு முதியவரை இடித்துவிட்டு ஓட, பொலிஸார் வந்து தட்டியது எங்கள் அம்மாவின் படலையை. நான் விற்றவர் இன்னொருவருக்கு விற்று, அவர் வேறொருவருக்கு விற்று, மூன்று கை மாறியும் பதிவில் இருந்தது என் பெயர்தான். காணி வாங்கும்போது தோம்பு பார்த்து, பங்குக்காரருக்குத் தேசவழமைப்படி அறிவித்தல் கொடுத்து, உறுதியை நான்கு தடவை வாசிக்கிற நாங்கள், அசையும் பொருள் என்றவுடன் இப்படிக் கைவிட்டுவிடுகிறோம்.

கைத்துப்பாக்கிக்கு அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மோட்டார் சைக்கிளுக்குரியதைப் போன்ற உரிமைப் புத்தகமே கிடையாது. பதிவு இல்லையென்றால் பெயரும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள்; அது சரியல்ல. ஒரு குற்றம் நடந்த இடத்தில் துப்பாக்கியொன்று அகப்பட்டால், பொலிஸார் அதன் தொடர் இலக்கத்தை ஏ.ரி.எஃப். எனப்படும் கூட்டாட்சி அமைப்பின் தடங்காணும் நிலையத்துக்கு அனுப்புவார்கள். மேற்கு வேர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பேர்க் என்ற ஊரில் இருக்கும் அந்த நிலையத்தினர், தயாரித்த நிறுவனத்திடம் யாருக்கு விற்றீர்கள் என்று கேட்டு, அங்கிருந்து மொத்த வியாபாரிக்கும், அங்கிருந்து சில்லறைக் கடைக்கும் போவார்கள். கடையில் நீங்கள் வாங்கிய நாளன்று நிரப்பிய 4473 ஆம் இலக்கப் படிவம் இருக்கும். கடை இயங்கும் காலம் முழுவதும் அதை அழிக்கக் கூடாது, கடை மூடப்பட்டால் அது ஏ.ரி.எஃப். இன் களஞ்சியத்துக்குப் போய்விடும். நூல் அங்கே, உங்கள் பெயரில், அறுந்துவிடும். அதற்குப் பிறகு அது யாரிடம் போனது என்பதைச் சொல்ல உங்கள் கையில் ஒரு கடதாசி இருக்கிறதா என்பதே கேள்வி. இந்த வழிகாட்டி முழுவதும் உண்மையில் அந்தக் கடதாசியைப் பற்றியதுதான்.

யாருக்கு விற்கலாம் என்பதைக் கூட்டாட்சிச் சட்டமும் மாநிலச் சட்டமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. 1968 ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, உரிமம் பெறாத தனியாள் ஒருவர் இன்னொரு தனியாளுக்கு நேரடியாக விற்பதென்றால் இருவரும் ஒரே மாநிலத்தில் வதிபவர்களாக இருக்க வேண்டும். ஹியூஸ்டனில் இருக்கும் நீங்கள் லூசியானாவில் இருக்கும் மச்சானுக்கு, அவர் உங்கள் வீட்டுக்கு வந்து கையில் வாங்கினாலும், நேரடியாக விற்க முடியாது. அவருடைய மாநிலத்தில் இருக்கும் உரிமம் பெற்ற வணிகர் ஊடாகவே அது போக வேண்டும். தபாலிலோ பொதிச் சேவையிலோ நீங்களே அனுப்பிவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். பெரிய பொதி நிறுவனங்கள் உரிமம் பெறாதவரிடமிருந்து இதை ஏற்பதில்லை, ஆகவே உங்கள் பக்கத்துக் கடை அவருடைய பக்கத்துக் கடைக்கு அனுப்புவதே நடைமுறை.

அடுத்ததாக, துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் தடுத்திருக்கும் ஆட்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர், நீதிக்குத் தப்பி ஓடுபவர், போதைப்பொருளைச் சட்டவிரோதமாகப் பாவிப்பவர், மனநலம் குறித்து நீதிமன்றத் தீர்ப்புக்குள்ளானவர், குடும்ப வன்முறைக்காகத் தண்டிக்கப்பட்டவர், அதற்காக நீதிமன்றத்தின் தடுப்புக் கட்டளைக்கு உட்பட்டவர் ஆகியோர் இதில் அடங்குவர். பெரும்பாலான மாநிலங்கள் இப்போது ஏதோவொரு வகையில் அனுமதித்திருக்கும் கஞ்சாவும் கூட்டாட்சிச் சட்டத்தில் இன்னும் போதைப்பொருளாகவே கணிக்கப்படுகிறது. தடுக்கப்பட்டவர் என்று தெரிந்தும், அல்லது அப்படி நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தும் விற்றால், 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 15 வருடங்கள் வரை சிறை. "எனக்குத் தெரியாது" என்பது, தெரிந்திருக்க வேண்டிய இடத்தில் உங்களைக் காப்பாற்றாது.

நம்மவர்கள் பெரும்பாலும் அறியாமல் தடுக்கி விழுகிற இடம் வீசா. நிரந்தர வதிவிட அட்டை உள்ளவர் வாங்கலாம். ஆனால் எச்-1பி தொழில் வீசாவிலோ மாணவர் வீசாவிலோ இருப்பவருக்கு, செல்லுபடியாகும் வேட்டை அனுமதிப்பத்திரம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியும் ரவையும் தடை. பெயர்லண்ட் மீனாட்சி அம்மன் கோயில் சாப்பாட்டு மண்டபத்தில் நான் ஊருக்குப் போகும் கதையைக் கேட்ட ஒரு பொடியன், "அண்ணை, எனக்குத் தாங்கோ, கேட்கிற விலை தாறன்" என்று பின்னால் வந்தான். படிக்க வந்து ஒரு வருடம்தான். நல்ல பிள்ளை, குற்றம் குறை ஒன்றுமில்லை. ஆனாலும் விற்றிருந்தால் நான் ஒரு குற்றவாளி, அவன் நாடு கடத்தப்படத்தக்க இன்னொரு குற்றவாளி. அவனுக்கு மனவருத்தம்தான். அன்றைக்கு அவன் சாதத்தை முடிக்காமலே எழும்பிப் போய்விட்டான்.

மாநிலச் சட்டங்கள் இடத்துக்கிடம் மாறும், மாறிக்கொண்டும் இருக்கும். டெக்சாஸில் இரண்டு வதிவாளருக்கிடையிலான விற்பனைக்கு மாநிலம் எந்தப் படிவமும் கேட்பதில்லை. கலிபோர்னியாவில் எல்லாத் தனியார் விற்பனையும் வணிகர் ஊடாகவே நடக்க வேண்டும், அதன் பிறகு வாங்குபவர் 10 நாட்கள் காத்திருக்க வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் 2014 இல் மக்கள் வாக்களித்து வணிகர் ஊடாக நடக்கும் பின்னணிச் சோதனையை, அதாவது வாங்குபவர் தடுக்கப்பட்டவரா என்று பார்ப்பதை, கட்டாயமாக்கினார்கள். நியூ ஜேர்சியில் வாங்குபவரிடம் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனியான அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். இலினோயில் துப்பாக்கி உரிமையாளர் அடையாள அட்டை வேண்டும். பென்சில்வேனியாவில் கைத்துப்பாக்கியை வணிகர் அல்லது ஷெரிஃப் அலுவலகம் ஊடாகவே கைமாற்ற வேண்டும். வட கரோலினாவில் பல தசாப்தங்களாக இருந்த வாங்கும் அனுமதி முறை 2023 பங்குனியில் நீக்கப்பட்டது. ஐந்து வருடங்களுக்கு முன் யாரோ சொன்னதை நம்பி இறங்காமல், விற்கும் வாரத்தில் உங்கள் மாநிலப் பொலிஸ் திணைக்களத்தின் இணையத்தளத்தைப் பாருங்கள், அல்லது அருகிலுள்ள கடைக்காரரிடம் கேளுங்கள்.

சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், கடை ஊடாகவே விற்கும்படி நான் சொல்வேன். இதற்குக் கடைக்காரர் வாங்கும் கட்டணம் எங்கள் பக்கத்தில் 20 முதல் 50 டொலர் வரை இருந்தது. கடைக்குப் போவதற்கு முதல் நாளே அழைத்து, தனியார் விற்பனையைக் கைமாற்றித் தருவீர்களா என்று கேட்டுவிடுங்கள். எல்லாக் கடைகளும் செய்வதில்லை. போனதும் கடைக்காரர் துப்பாக்கியைத் தன் பேரேட்டில் ஏற்றுவார்; வாங்குபவர் 4473 ஆம் இலக்கப் படிவத்தை நிரப்புவார்; பிறகு கடைக்காரர் எஃப்.பி.ஐ. நடத்தும் பின்னணிச் சோதனை முறையிடம் கேட்பார். 1998 கார்த்திகை 30 முதல் இயங்கும் அந்த முறையிலிருந்து "போகலாம்", "தாமதம்", "மறுப்பு" என்ற மூன்றில் ஒரு பதில் வரும். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். தாமதம் என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் முடிவு வராவிட்டால் கொடுப்பதா விடுவதா என்பது கடைக்காரரின் விருப்பம். 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு இந்தக் காலம் 10 வேலை நாட்கள் வரை நீளலாம். டெக்சாஸில் துப்பாக்கி காவும் அனுமதி அட்டை உள்ளவருக்கு இந்தச் சோதனை தேவையில்லை, படிவம் மட்டும் போதும். நம் பக்கத்து நன்மை என்னவென்றால், இப்போது நூலின் அடுத்த முனையில் வேறொருவரின் 4473 இருக்கிறது.

இதில் ஒரு சிறு பொறி உண்டு. "தாமதம்" வந்ததென்று துப்பாக்கியைக் கடையில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, பிறகு வாங்குபவருக்கு மறுப்பு வந்தால், உங்களுடைய துப்பாக்கியைத் திரும்ப எடுப்பதற்கு நீங்களே படிவம் நிரப்பிச் சோதனைக்கு உட்பட வேண்டும். மறுநாள் விமானம் என்றால் இது பெரிய தலையிடி. ஆகவே பயணத்துக்கு ஆகக் குறைந்தது ஒரு மாதம் முன்பே இந்த வேலையைத் தொடங்குங்கள். நேரமே இல்லையென்றால் கடைக்காரருக்கே விற்றுவிடுங்கள். விலை குறையும், ஆனால் அரை மணித்தியாலத்தில் பற்றுச்சீட்டோடு வெளியே வரலாம். ஒன்றுக்கும் வாங்குபவர் கிடைக்காவிட்டால், உள்ளூர் பொலிஸ் நிலையத்துக்கு முதலில் தொலைபேசியில் சொல்லி, அவர்கள் சொல்கிற விதத்தில் ஒப்படைக்கலாம். முன்னறிவித்தல் இல்லாமல் கையில் துப்பாக்கியுடன் பொலிஸ் நிலையத்துக்குள் நடந்து போவது எந்த நாட்டிலும் புத்தியல்ல.

ஆளை நீங்களே தேடுவதென்றால், பேஸ்புக்கும் கிரெய்க்ஸ்லிஸ்ட்டும் தனியார் துப்பாக்கி விற்பனையை அனுமதிப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள். வேலைத்தல நண்பர், துப்பாக்கி சுடும் கழகத்தின் அறிவித்தற் பலகை, இதற்கென்றே உள்ள தளங்கள் ஆகியவை நல்லவை. படம் போடும்போது தொடர் இலக்கத்தையும், பின்னணியில் வீட்டு இலக்கத்தையும் மறைத்துவிடுங்கள். விலையை விட, கேட்பவரின் கேள்விகளைக் கவனியுங்கள். அடையாள அட்டை காட்டமாட்டேன் என்பவர், கடைக்கு வர மறுப்பவர், கேட்ட விலையை விடக் கூடுதலாகத் தருவதாகச் சொல்பவர், துப்பாக்கியைப் பற்றி ஒன்றுமே கேட்காமல் இடத்தையும் நேரத்தையும் மட்டும் கேட்பவர், ஒருவர் பேச இன்னொருவர் காசை நீட்டும் இருவர் ஆகியோரிடம் "விற்றாயிற்று" என்று சொல்லிவிடுங்கள். கோபத்திலோ மனம் உடைந்த நிலையிலோ இருப்பவர்போல் தோன்றினாலும் அதேதான். யாருக்கும் விற்றாக வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

இன்னொருவருக்காக வாங்கிக் கொடுப்பது என்ற விடயத்தை நம் சொந்தக்காரருக்குப் புரியவைப்பது கடினம். அப்பா, மாமா, மச்சான் என்று ஒருவர் பெயரில் இன்னொருவர் வாங்குவது நமக்கு இயல்பு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014 இல் ஏப்ராம்ஸ்கி வழக்கில் தீர்ப்பளித்தது இதைப் பற்றித்தான். முன்னாள் பொலிஸ்காரரான ஏப்ராம்ஸ்கி, தனக்குக் கிடைக்கும் தள்ளுபடிக்காக, பென்சில்வேனியாவில் இருந்த தன் மாமாவுக்கென்று வேர்ஜீனியாவில் குளொக் 19 என்ற வகைக் கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கினார். மாமா 400 டொலருக்கு அனுப்பிய காசோலையிலேயே துப்பாக்கியின் பெயர் எழுதியிருந்தது. மாமாவுக்குத் துப்பாக்கி வைத்திருக்க எந்தத் தடையும் இல்லை. பின்னர் அவரும் சோதனைக்கு உட்பட்டே அதைப் பெற்றுக்கொண்டார். ஆனாலும், உண்மையாக வாங்குபவர் நானே என்று படிவத்தில் எழுதியது பொய் என்று 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் தீர்த்தது. உங்களிடம் வாங்க வருபவர் "எனக்கில்லை, என் சிநேகிதருக்கு" என்றால், அந்தச் சிநேகிதரையே கடைக்கு வரச் சொல்லுங்கள்.

என்னிடம் இருந்ததும் ஒரு குளொக் 19 தான். விற்பதற்கு முதல் நாள் மேசையில் பழைய துவாயை விரித்து, ரவைப் பெட்டியை வேறோர் அறையில் வைத்துவிட்டு, குழலைப் பாதுகாப்பான திசைக்குத் திருப்பிக்கொண்டு தொடங்கினேன். முதலில் மகசினை, அதாவது ரவைகள் அடுக்கிய கூட்டை, கழற்ற வேண்டும். அதன் பிறகே ஸ்லைட்டை, அதாவது மேலே முன்பின் சறுக்கும் உலோகப் பகுதியை, பின்னால் இழுத்துப் பூட்ட வேண்டும். ஒழுங்கை மாற்றி முதலில் ஸ்லைட்டை இழுத்தால், மகசினில் இருக்கும் அடுத்த ரவை உள்ளே ஏறிவிடும். பிறகு ரவை அமரும் குழியைக் கண்ணால் பார்த்து, சுண்டு விரலை உள்ளே விட்டுத் தடவி, மறுபக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். இந்த வகையைத் துடைப்பதற்காகப் பிரிக்கும்போது விசையை அழுத்தியே ஆக வேண்டியிருப்பதால், அந்த இரண்டாவது பார்வை வெறும் சடங்கல்ல. துடைத்த பிறகு, துப்பாக்கியின் உடற்பகுதியில் முன்பக்கம் கீழே பதித்திருக்கும் சிறிய உலோகத் தகட்டிலும், குழலிலும், ஸ்லைட்டிலும் உள்ள தொடர் இலக்கம் மூன்றும் ஒன்றேயா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து எழுதினேன். என் மூக்குக் கண்ணாடிக்கு 8 உம் 3 உம் ஒன்றாகவே தெரிந்தன. மகள் வந்துதான் வாசித்துச் சொன்னாள்.

கொண்டுபோகும்போது வெறுமையான துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில் வைத்து, ரவையை வேறாக, காரின் பின்பெட்டியில் வையுங்கள். சந்திப்பது பகலில், கடையிலேயே இருக்கட்டும். வாங்குபவர் வீட்டுக்கு வரவும் வேண்டாம், நீங்கள் அவர் வீட்டுக்குப் போகவும் வேண்டாம். சுட்டுப் பார்க்க வேண்டுமென்றால், சுடும் கூடம் உள்ள கடையைத் தெரிவு செய்யுங்கள். காசு பெரிய தாள்களாக வந்தால் கடையிலுள்ள, கள்ளத்தாளைக் காட்டிக்கொடுக்கும் பேனையால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கடைப் படிவம் கடைக்காரரிடம் இருக்கும்; உங்களுக்கென்று ஒரு விற்பனைச் சீட்டு வேண்டும். திகதி, இருவரின் முழுப்பெயரும் முகவரியும், வாங்குபவரின் சாரதி அனுமதிப்பத்திரத்தின் மாநிலமும் இலக்கமும், துப்பாக்கியின் தயாரிப்பாளர், மாதிரி, துளை அளவு, தொடர் இலக்கம், விலை, கொடுத்த மகசின்களின் எண்ணிக்கை, கைமாற்றிய கடையின் பெயர் ஆகியவற்றை எழுதி, "நான் இம்மாநிலத்தில் வதிபவன், எனக்கு 21 வயது நிரம்பியுள்ளது, துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் என்னைத் தடுக்கவில்லை" என்ற வாசகத்தின் கீழ் வாங்குபவர் கையெழுத்திட வேண்டும். தனியார் விற்பனையில் கூட்டாட்சிச் சட்டம் கைத்துப்பாக்கிக்கு வைத்திருக்கும் எல்லை 18 வயதுதான். ஆனால் கடைக்காரர் 21 க்குக் கீழ்ப்பட்டவருக்குக் கைத்துப்பாக்கி விற்கக் கூடாது என்பதால், கடை ஊடாகப் போகும்போது 21 என்றே வைத்துக்கொள்வது சிக்கலற்றது. இரண்டு பிரதிகள் எடுங்கள். ஒற்றைத் துப்பாக்கியை ஒருமுறை விற்பது வியாபாரமாகாது. இலாபத்துக்காக வாங்கி வாங்கி விற்கத் தொடங்கினால் மட்டுமே உரிமம் வேண்டும்.

கனடாவிலும் இலண்டனிலும் இருப்பவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம். கனடாவில் 2022 ஒக்டோபர் 21 முதல் தனியாட்களுக்கிடையே கைத்துப்பாக்கி வாங்கவோ விற்கவோ கைமாற்றவோ முடியாது, மிகச் சில விதிவிலக்குகள் தவிர. பிரித்தானியாவில், 1996 இல் டன்பிளேன் பாடசாலையில் நடந்த படுகொலைக்குப் பிறகு 1997 இல் தனியாரின் கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் தடைசெய்யப்பட்டன. அங்கே பழைய அலுமாரிக்குள் ஒன்று அகப்பட்டால், தொடாமல் பொலிஸாரை அழைப்பதே வழி.

விற்ற பிறகு மிச்ச வேலைகள் சில உண்டு. வீட்டுக் காப்புறுதியில் துப்பாக்கியைத் தனியாகச் சேர்த்திருந்தால் நீக்குங்கள். மிஞ்சிய ரவைகளை வாங்கியவருக்கே கொடுக்கலாம், அல்லது கடைக்காரரிடம் ஒப்படைக்கலாம். குப்பைக் கூடையில் போடாதீர்கள். விற்பனைச் சீட்டை ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் ஒரு பிரதி, அமெரிக்காவில் நம்பிக்கையான ஒருவரிடம் ஒரு பிரதி என்று வைத்துவிட்டு, மூலத்தை ஊருக்குக் கொண்டுவாருங்கள். அமெரிக்கத் தொலைபேசி இலக்கத்தைத் துண்டித்துவிட்டு வருபவர், யாராவது தேடினால் தொடர்புகொள்ளக்கூடிய ஒருவரின் இலக்கத்தைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வருவது நல்லது. சித்தப்பாவின் மகன் தன்னுடைய சீட்டைக் கொண்டுவந்து, கொக்குவில் வீட்டுக் காணி உறுதி இருக்கும் அதே தகரப் பெட்டிக்குள் வைத்திருக்கிறான். கறையானுக்குப் பயந்து பொலித்தீன் உறையில் போட்டு, வாயை மெழுகுதிரியால் உருக்கி ஒட்டியிருக்கிறான்.